அரிசி வாளிக்குள் தளபதிகள்

உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு முகர்ந்தால் ஒரு பித்தளை வாடை வரும், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சோறு சாப்பிடும்வரை போகாது. வடக்கில் போர் முடிந்த கையோடு படைத் தளபதிகளின் முகம் பொறித்து வெளிவந்த நினைவுப் பதக்கங்களின் வாடை அது. குண்டசாலையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாவின் மகன் இராணுவத்தில் இருந்தார்; லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவரும் பதக்கங்களில் எனக்கும் ஒன்று உண்டு. முத்திரை சேர்க்கும் பிள்ளைகள் மத்தியில் நான் 'மெடல்காரி'. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவியே, தொப்பியையும் மூக்கையும் வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்போதுதான் அம்மாவின் தங்கை, கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்த சின்னம்மா, போருக்குப் பின் சனங்களை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து விடுபட்டு ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒரே மகன் கஜன் அண்ணா போரின் கடைசி நாள்களில் கூட்டத்துக்குள் கைதவறிப் போனவர்; இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சின்னம்மாவின் கண்ணில் படக்கூடாதென்று அம்மா என் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார், நான் அழுது வீட்டை இரண்டாக்கினேன். அன்றிலிருந்து அவற்றுக்கு வீட்டில் 'அந்தச் சாமான்' என்று பெயர். தூக்கி எறிந்துவிடலாமே என்று அம்மா கேட்டதற்கு, மாநகர சபையில் கிளார்க்காக இருந்த அப்பா பதறினார்: "குப்பை எடுக்கிறவன் கண்டா என்ன நெனைப்பான்? தமிழ் வீட்ல தளபதிங்கள குப்பையில போட்டிருக்காங்கன்னு ஊர் பூரா பேசுவாங்க." திருப்பிக் கொடுக்கலாமென்றால் பக்கத்து வீட்டு மாமாவோ நல்ல மனிதர், என்னைக் கேற்றடியில் கண்டால் "மெடல் எத்தன சேந்திச்சு மகள்?" என்று தெரிந்த தமிழில் ஆசையாகக் கேட்பவர், அவரிடம் என்ன காரணம் சொல்வது? வைத்திருக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல், அம்மா அவற்றைச் சீலைத் துண்டில் முடிந்து அரிசி வாளியின் அடியில் புதைத்தார். சும்மா உட்காரப் பிடிக்காத சின்னம்மா இரண்டொரு நாளில் தானே உலை வைக்க வருவார் என்று அம்மா நினைக்கவில்லை.

சின்னம்மா அரிசிக்குள் கையில் தட்டுப்பட்ட முடிச்சை அவிழ்த்துச் சுளகில் கொட்டி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார்.

"மூக்கு, முழி, மீசை எல்லாம் எவ்வளவு திருத்தமா இருக்குக்கா," என்றார் சின்னம்மா. "எங்கிட்ட கஜனோட படம் ஒண்ணுகூட இல்ல. எடம் மாறி மாறி ஓடுனதுல எல்லாம் போச்சு."

பிறகு அவரே பழையபடி முடிந்து, வாளிக்குள் வைத்து, அரிசியால் மூடினார். "வெளிய கிளிய போட்டுறாதீங்க. உங்களுக்குத்தான் கரைச்சல்."

அம்மா அழுதார். பதக்கங்கள் தப்பிவிட்டன என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சில மாதங்களில் சின்னம்மா கிளிநொச்சிக்கே திரும்பினார். "அவன் வந்தா வீட்டத் தேடித்தானே வருவான்" என்றவரை அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார். போன வருடம் அங்கேயே இறந்துபோனார். கஜன் அண்ணா வரவில்லை. பக்கத்து வீட்டு மாமாவும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். பதக்கங்கள் மட்டும் என் அலுமாரியில் கிடக்கின்றன, இன்றைக்கும் அவற்றை எங்கே போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் எடுத்துத் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொருவரையும் இன்னார் என்று சொல்ல முடிந்தது. பிறகு, சின்ன வயதில் நாவலப்பிட்டிக் கோயில் தேருக்கு எங்களோடு வந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நடந்த கஜன் அண்ணாவை நினைத்துப் பார்த்தேன். அந்தத் தோளின் உயரம் நினைவிருக்கிறது. முகம் வரவில்லை.