எல்லாப் படத்திலும் ஹெல்முட்

துருக்கிச் சுற்றுலாவில் எடுத்த படங்களை இன்று ஸ்டுட்கார்ட் படக்கடையில் போய் வாங்கினேன். அங்கே வேலை செய்யும் சாந்தி அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, எபேசுஸ் தூண், பமுக்கலே வெள்ளைப் பாறை, எல்லாத்திலயும் இந்த ஜெர்மன்காரர்தான் நிக்கிறார். ஆர் இவர், மாமனாரோ?"

"இல்லை அக்கா, பஸ்ஸில பக்கத்தில இருந்தவர். பேர் ஹெல்முட்."

அந்தக் குழுவில் தனியாக வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மனைவி இறந்த பிறகு இதுதான் முதல் பயணம் என்றார். அவருடைய கமரா முதல் நாளே பழுதாகிவிட்டது. வழிகாட்டி பஸ்ஸை நிறுத்திய இடமெல்லாம் என் கமராவில் அவரை எடுத்தேன்.

"நீங்கள் ஒண்டிலயும் இல்லையே, தம்பி?"

"அவர் கேக்கேல்லை. எனக்கும் கேக்க வெக்கமாக் கிடந்தது."

படங்களை நேரில் கொடுத்தால் ஒரு கோப்பி குடித்துப் பேசலாம். கார்ல்ஸ்ரூஹே ஒரு மணி நேரப் பயணம்தான். கடை வாசலில் நின்றே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. துருக்கி, பஸ் என்றேன்.

"ஓ, படம் எடுத்தவரா! தபாலில் போட்டுவிடுங்கள். மிக்க நன்றி."

வைத்துவிட்டார்.

தபாலில் போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. அதில் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அடுத்த வருடம் கிரீஸ் போக யோசிக்கிறேன். யாராவது வாறீங்களோ? கமரா நான் கொண்டு வருவேன். என்னை ஒரு படம் எடுத்தால் போதும்.