எண்பத்து நாலு தவணை

அம்மாவின் கையில் கட்டு நனைந்திருப்பதைப் பொன்னேரியில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தோம். டயாலிசிஸ் முடிந்து பட்டணத்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் மூன்று பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. முந்தானை, சீட்டு, பக்கத்தில் இருந்த அம்மாளின் கூடை வரைக்கும் ரத்தம். நைனா கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அம்மா, "உட்றாத, உட்றாத" என்றாள். "உடல, நீ கம்னு இரு" என்றார் அவர். பழவேற்காடு வரும் வரை விரலை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னார்: "வண்டி ஒண்ணு வாங்கணும்மா. இனிமே இவள பஸ்ல ஏத்த மாட்டேன்."

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசு வாங்கவில்லை, அரசாங்கக் காப்பீட்டில் செய்தார்கள். போய் வருவதுதான் பாடாய்ப் படுத்தியது. ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், பொன்னேரியில் ரயில், இறங்கினால் மறுபடி ஆட்டோ. திரும்பும்போது நிற்கத் தெம்பு இருக்காது. ரத்தம் வந்த அந்த நாளுக்குப் பிறகு அம்மா கிளம்பும் நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு நாளு வேணாண்டி, உடு" என்பாள். ஒரு நாள் விட்டோம். மறுநாளே மூச்சு இழுத்தது. போகாமல் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள், அவ்வளவுதான் அவள் உயிர். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பழைய கார் போதும், விலையில் பாதி மிச்சம் என்று நான் சொன்னேன். நைனா ஒப்பவில்லை. "நடு ரோட்ல நின்னா யார் தள்றது? இவளா?" என்றார்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நைனாவோ துறைமுகம் வேண்டாம் என்று ஊரோடு போய் ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்தவர். நான் வேலையில் சேர்ந்த பிறகு என் சம்பளத்தில் வாங்கிய அரிசியைச் சாப்பிட்டார். ஆனால் அங்கே என்ன செய்கிறாய், எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கும் ரோஷம், நானாகச் சொன்னதில்லை. வண்டிக் கடன் என் பெயரில் வேண்டாம், தன் பெயரில்தான் வாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஷோரூமுக்கு அம்மாவும் வந்தாள். வீட்டில் இரு என்றால் கேட்கிற ஆளா? இருபது வருஷம் பழவேற்காடு மார்க்கெட்டில் இறாலும் நண்டும் விற்றவள், பேரம் நடக்கிற இடத்தை விட்டு எப்படி விலகி இருப்பாள்? சின்ன வயதில் அவளோடு துணிக்கடைக்குப் போனால் என் பாவாடையைப் பின்னாலிருந்து ஒரு இழுப்பு இழுப்பாள். எழுந்து வாசல் பக்கம் நட என்று அர்த்தம். கடைக்காரர் நான்காவது அடிக்குள் கூப்பிட்டுவிடுவார். ஷோரூம் சோபாவில் எனக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சீக்குக்காரி வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவான் என்பது அவள் எண்ணம்.

கடன் போட்டுக் கொடுக்கும் ஆள் முப்பது வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை, மேஜைமேல் கம்ப்யூட்டர். நைனாவைப் பார்த்துக் கேட்டார்.

"அய்யாவுக்கு மாசம் எவ்ளோ வருமானம்?"

"மாசக் கணக்கு இல்ல சார். பாட்டுக்குத்தான்."

"பாட்டுக்கா? கச்சேரிங்களா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, நைனாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எங்கள் ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதற்கு ஊர் முறை ஒன்று உண்டு. அந்த முறைக்குப் பெயர் பாடு. முறை வருகிற நாளில் வலை போட்டுக் கிடைப்பதுதான் வருமானம், மாசம் என்று ஒன்று கிடையாது என்று நான் விளக்கினேன். அந்த ஆள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "அதுக்கு பேப்பர் எதுனா இருக்குங்களா?" என்றார்.

"பேப்பர் இன்னாத்துக்கு? ஊர்ல யார வேணா கேளு" என்றார் நைனா.

கம்ப்யூட்டர் ஊரைக் கேட்காது. தொழில் என்ற கட்டத்தில் பாடு இல்லை, மீன்பிடி இல்லை, 'இதர' என்றுதான் இருந்தது. அதைத் தட்டிவிட்டு, பதினாலு சதவீத வட்டி, ஜாமீன் ஆள் இரண்டு பேர் என்றார். நாற்பது வருஷம் ஏரியில் இறங்கிய மனுஷன், 'இதர'வாம்! எனக்கு வந்ததே கோபம். வாயைத் திறப்பதற்குள் நைனா என் தோளைத் தொட்டார்.

"உன் சம்பளச் சீட்டு கொண்டாந்துகிறியா?"

என் பையில் இருந்தது, அவருக்குத் தெரியாமல்தான் எடுத்துப்போயிருந்தேன். "குடு" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். துறைமுகத்தின் பெயர் அச்சடித்த காகிதத்தை அவர் கண் முன்னால் மேஜையில் வைத்தேன். வட்டி ஒரே நிமிஷத்தில் சரசரவென்று இறங்கியது. நைனா எழுந்து போய்க் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் பேரம் எங்கள் இரண்டு பெண்களின் கையில். "ஏழு பெர்சென்ட்தான் மேடம்" என்று ஆரம்பித்தார் அந்த ஆள். "முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் ஏழா, இல்ல கட்டக் கட்டக் கொறையிற வட்டியா சார்?" என்று கேட்டேன். தொண்டையைச் செருமினார். குறையும் வட்டி என்றால் ஒன்பதரை என்றார். வேறொரு பேங்க்கில் ஒன்பதுக்கு எழுதி வாங்கிய காகிதத்தை எடுத்துக் காட்டினேன். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து என் துப்பட்டாவை ஒரு இழுப்பு! எழுந்து நடந்தேன். மூன்றாவது அடியில், "மேடம், மேடம், உக்காருங்க" என்றார். ஒன்பதுக்கு வந்தது. விண்ணப்பக் கட்டணம் பாதியானது. சீட் உறையும் தரை விரிப்பும் சும்மா கிடைத்தன. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். பழைய மார்க்கெட் முகம். கண்ணை மூடித் திறந்து, சரி, முடி என்றாள்.

கடைசியாக எத்தனை வருஷம் என்று கேட்டார் அந்த ஆள். அஞ்சு வருஷம் என்றேன். வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தவணை கொஞ்சம் இறுக்கும், வட்டி மிச்சம்.

"அதிகமா எவ்ளோ குடுப்பீங்க?" கதவோரத்திலிருந்து நைனாவின் குரல்.

"ஏழு வருஷம் வரைக்கும் தரலாங்க அய்யா. எண்பத்து நாலு தவணை."

"ஏழு போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டி இறக்கியதெல்லாம் எதற்கு? "இன்னா நைனா பேசுற? ரெண்டு வருசம் கூடப்போனா வட்டி எவ்ளோ ஆவும் தெரியுமா? கட்டப்போறது நீயா நானா?" என்று கத்திவிட்டேன். ஷோரூமில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கட்டப்போவது யார் என்று கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அவர் கோபப்படவில்லை. மேஜைக்கு வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏழு வருசம் இவள இட்டுக்கினு போவ வேணாமா?"

நான் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜாமீன் இடத்தில் நைனா போட்டார். அம்மாவுக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. "ஏழு வருசமாடி?" என்றாள். "அதுக்குள்ள நான் எங்க கீறேனோ, எப்டி கீறேனோ."

ஐம்பத்தைந்து வயதில் நைனா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதலில் படகு ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினார், எதிரே வருகிறவன் தானாக விலகிப்போவான் என்ற நினைப்பு. பிறகு படிந்துவிட்டது. பின் சீட்டில் தலையணை, தண்ணீர் பாட்டில், கட்டுத்துணி எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரி நாளும் பாடு வரும் நாளும் ஒன்றாக வந்தால் பாட்டை விட்டுவிட்டு வண்டியை எடுப்பார். பாடு நன்றாக அமைந்த நாளில் என் மேஜைமேல் ஈர நோட்டு சில இருக்கும். "வண்டிக்கு" என்பார். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "லாரி ராப்பகலா வருமா அங்க?" என்று கேட்டார். வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. கேட்டதற்கு மேலேயே நிறைய சொன்னேன்.

வண்டி வந்த அடுத்த வருஷம் ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. கண்ணாடியில் அனுமதிச் சீட்டை ஒட்டிக்கொண்டு நைனா வாரம் மூன்று நாள் காலி ரோட்டில் போய் வந்தார். எங்கள் அம்மாவோடு மெஷினில் படுத்தவர்களில் சிலரை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. வண்டி இல்லையென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான். அந்தச் சமயத்தில் மூன்று மாதத் தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று செய்தி அனுப்பினார்கள். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்து நான் வேண்டாம் என்றேன். எனக்கு என்மேல் பெருமைதான்.

போன மாதம் செல்போனில் வேறொரு செய்தி வந்தது. இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி, வாழ்த்துகள் என்று. ஓடிப்போய் நைனாவிடம் காட்டினேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அன்னிக்கு மூணு மாசம் தள்ளிக் குடுத்தானுங்களே. வேணான்னுட்டியே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விடுதலைதானே நைனா, சந்தோஷப்படு என்றேன்.

"அந்த சார்கிட்ட போய்ப் பேசும்மா. இன்னும் ரெண்டு வருசம் நீட்டிக் குடுப்பானான்னு கேளு. ஏழுன்னு எழுதிக் குடுத்தோம், ஏழும் இருந்துட்டா. இது முடிஞ்சுதுன்னா…" பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

பைத்தியமா உனக்கு என்று கேட்க வாய் வந்தது. ஆனால் சமீபமாக அம்மா மெலிந்துகொண்டே வருகிறாள். கையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். எனக்கும் பயம்தான். நைனாவுக்கு அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் கிடைத்திருந்தது, எனக்கு அதுகூட இல்லை.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். திரும்பும் வழியில் கடன் கொடுத்த அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி நான் மட்டும் இறங்கினேன். அதே ஆள், இப்போது தனி அறை, முன்தலையில் முடி இல்லை. என்னைப் பார்த்ததும் யோசித்து, "பாட்டுக்காரரு பொண்ணுதானே நீங்க?" என்றார். கடனை இன்னும் இரண்டு வருஷம் நீட்ட முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"எல்லாரும் சீக்கிரம் மூடத்தான் மேடம் வருவாங்க. எதுனா பணக் கஷ்டமா?"

"இல்ல சார். காசு வேணாம். தவணை மட்டும் ஓடணும்."

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். அவள் முந்தானைக்குள் கையை மறைத்ததெல்லாம் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வெளிய வண்டியிலதான் இருக்காங்க" என்றேன்.

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். வண்டியின் பேரில் சின்னதாக ஒரு மேல்கடன் போடலாம், இருபத்து நாலு தவணை, வட்டிதான் முன்னைவிட நாலு கூட என்றார். துப்பட்டாவை இழுக்கப் பின்னால் ஆள் இல்லை. சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியில் ஏறினேன். அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள், தூங்கவில்லை.

"கடன் முடிஞ்சிதாடி?" என்றாள்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சொன்னார்: "எங்க முடிஞ்சுது? இன்னும் ரெண்டு வருசம் கீது."

"அய்யே, இன்னும் ரெண்டு வருசமா!"

"ஆமா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"அப்போ இருந்துதான் ஆவணும்" என்றாள்.

நைனா வண்டியை எடுத்தார்.