ஓப்பநாயக்கவுக்குப் போகாத கார்

இலங்கையில் பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்து, வீதியில் வாகனங்கள் பழையபடி ஓடத் தொடங்கிய காலம். தெஹியோவிட்டவுக்கு மேலே, நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில் இது நடந்தது. என் மனைவி அப்போது வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் எல்லாமே பொய்யாகிவிடும்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத மாதங்களில் மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றது. மறுபடி ஓட்ட எடுத்தபோது, ஒவ்வொரு குழிக்கும் முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தது. பேச்சு காரைப் பற்றித் திரும்பியது. "நீங்களே நோண்டிக்கிட்டு இருக்காம கராஜ்ல குடுங்களேன்" என்றாள் என் மனைவி. அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன், "பால்வாளி தூக்கினவ மகளுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

அவளுடைய தாய் ரப்பர் பால் வெட்டியவர். என் தாயும் அதே மலையில் பால் வெட்டியவர்தான். நான் படித்து, தோட்டத்துத் தொழிற்சாலையில் அதிகாரியான பிறகு அதை யாரும் என்னிடம் பேசுவதில்லை. நானும் மறந்தவன்போல் இருந்துவிட்டேன். அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஓப்பநாயக்கவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். பேரனுக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னாள். காய்ச்சல் விட்டது, அவள் வரவில்லை.

அவளைக் காரில் போய்த்தான் கூட்டி வருவது என்று முடிவு செய்தேன். அவளுக்கு முழங்கால் வலி. அவிசாவளையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த அலைச்சலுக்கு அவளை மறுபடி விடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த 'டொக்' சத்தத்தோடு மலைப்பாதையில் அவ்வளவு தூரம் ஓட முடியாது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் புஷ் தேய்ந்திருந்தது. புதியது வாங்கி வந்து, காரை ஜக்கில் தூக்கி, கட்டை வைத்து, அடியில் படுத்தேன்.

அந்தப் புஷ் ஒரு ரப்பர் வளையம். நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் நீளமான ஒரு போல்ட். என் காரில் போல்ட்டும் குழாயும் துருவேறி ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தன. நட் கழன்றது, போல்ட் வரவில்லை. ஸ்பெனரைப் போட்டு இழுத்தால் ரப்பரையும் முறுக்கிக்கொண்டு கொஞ்சம் திரும்பும். பிடியைத் தளர்த்தினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். சுத்தியலால் அடித்தேன். தீக்காட்டிப் பார்த்தேன். வாரங்கள் மாதங்களாயின.

முன்பெல்லாம் நான் காருக்கு அடியில் படுத்தால் அவள் டோர்ச் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள். எங்கே வெளிச்சம் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, என் கை போகும் இடத்துக்கு அது வந்துவிடும். இப்போது டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்தேன். மாலையில் எழுந்து, ஒருவனுக்குச் சோறு வைக்கத் தெரியாமல் இருவருக்கு வைத்துவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றிவைப்பேன். வாசல் கேட் காற்றில் அசைந்தாலும் எட்டிப் பார்ப்பேன்.

மகள் அடிக்கடி போன் எடுப்பாள். "அப்பா, போல்ட்டு கழண்டுச்சான்னு அம்மா கேக்குறாங்க" என்பாள். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்கும். "கழண்டா சொல்லச் சொல்லு, பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைப்போம்!" பிறகு அவள் சிரிப்பு. "அம்மாகிட்ட குடேன்" என்றால், "அடுப்படியில வேலையா இருக்காங்கப்பா" என்பாள் மகள். இப்போதுதானே சிரித்தாள் என்று கேட்க எனக்கு வாய் வராது. அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்வரை அன்றைய பொழுது ஓடிவிடும்.

பக்கத்து வளவுச் சிங்களப் பெண்மணி என் மனைவியின் சிநேகிதி. வேலிக்கு அப்பால் நின்று, என்னை மாத்தயா என்றும் அவளை நோனா என்றும் சொல்லி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பார். "மாத்தயா, நோனா எப்ப வாறது? கார் ஏலாட்டி பஸ் இல்லையா?"

பஸ் இருந்தது. ஸ்பெனர் வாங்க அவிசாவளைக்குப் போன ஒரு நாள் ஓப்பநாயக்க வழியாகப் போகும் பலாங்கொடை பஸ்ஸின் மிதிபலகையில் காலைக்கூட வைத்தேன். வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் போனால் மகள் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். காரில் போனால் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடிக்கலாம். அவள் வந்து ஏறிக்கொள்வாள். யாரும் எதுவும் பேசாமலே எல்லாம் முடிந்துவிடும். அவளுடைய முழங்காலைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் இதற்கு அடுத்தபடியாகத்தான்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. தொழிற்சாலையில் அது சிந்திய இடங்களில் துரு கரைந்து இரும்பு பளிச்சென்று தெரிவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவன் நான். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதைத் தொட்ட தொழிலாளர்களை ஏசி விரட்டியவனும் நான்தான். அன்றைக்குக் கண்ணாடியைத் தேடப் பொறுமை இல்லை. தண்ணீர் கலக்காத அசிட்டை ஒரு சிரிஞ்சில் எடுத்தேன். வாயில் டோர்ச், முகம் போல்ட்டுக்கு நேர் கீழே. ஊற்றியது உள்ளே இறங்கவில்லை. இரும்புக் கை வழியாக வழிந்து வந்து என் இடது கண்ணில் சொட்டியது.

நான் போட்ட சத்தத்துக்கு அந்தப் பெண்மணி வேலியைத் தாண்டி ஓடிவந்தார். என் இரண்டு கால்களையும் பிடித்து வெளியே இழுத்தார். "கண் திறங்க மாத்தயா! திறங்க! மூட வேணாம்!" நான் கைகளால் பொத்திக்கொண்டு உருண்டேன். அவர் என் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, இமையை விரல்களால் பிரித்து, பைப் தண்ணீரை விடாமல் அடித்தார். "கார், கார், கார்! இந்தக் கார் ஒரு பிசாசு!" என்று ஏசிக்கொண்டே அடித்தார். பிறகு த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்கு. தண்ணீர் உடனே ஊற்றியதால் கண் தப்பியது என்றார் டொக்டர். இப்போதும் அந்தப் பக்கம் பார்வை கொஞ்சம் மங்கல்தான்.

மகளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் காலையில் வார்டுக்குள் என் மனைவி வந்தாள். கையில் ஒரு பை, காலை இழுத்து இழுத்து நடை. முதல் பஸ்ஸைப் பிடித்து, நெரிசலில் பாதி வழி நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். ஒரு கண் கட்டோடு அதைச் சொன்னேன்.

அவள் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, "நான் காருக்கா காத்துக்கிட்டு இருந்தேன்?" என்றாள். "ரோட்டோரத்து வீடு. வாசல்ல பஸ் நிக்கிற நேரமெல்லாம் எட்டிப் பார்ப்பேன். இறங்குறது யாரோவா இருக்கும்."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கராஜிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்து, தலையையும் நுனியையும் அறுத்து அந்தப் போல்ட்டை எடுத்துவிட்டுப் போனார். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்தக் காரில் அவளை ஓப்பநாயக்கவுக்கு ஓரிரு தடவை கூட்டிப் போனேன். அடுத்த வருடத்து மழைக்காலத்தில் அவள் நெஞ்சு வலியில் போய்விட்டாள்.

சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் எனக்கு ஒரே நிறைவாகத்தான் நினைவிருக்கிறது. திரும்ப வேண்டும், அவளோடு வாழ வேண்டும் என்று மனம் ஏங்குவது, அவள் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்த, நான் எதிலும் வந்து இறங்காத அந்தச் சில மாதங்களுக்காகத்தான்.