வீணாகாத தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது காய்ந்து வெடித்திருந்த வாய்க்கால்.

மாதா கோயில் வளாகத்தில் ஆர்.ஓ. மெஷின் வைத்த கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது அது. மெஷின் பிரித்தெடுக்கும் உப்புத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சுவரில், வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லும் பளிங்குக் கல். உப்புத் தண்ணீரை மட்டும் எங்கும் காணவில்லை.

பத்திரிகை வேலையில் இப்படிப்பட்ட திறப்பு விழாக்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். ரிப்பன் வெட்டினால் செய்தி. ஃபில்டர் மாற்றினால் செய்தி இல்லை. அதனால் யாரும் மாற்றுவதில்லை என்பது என் எண்ணம்.

என்னை அங்கே போக வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெண். உடையார்பாளையத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். அவருடைய கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊர் போர்த் தண்ணீரைத் தொடவே கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாதா கோயில் தண்ணீர்தான். “குடிச்சுக் குடிச்சே ஞானஸ்நானம் வாங்கிடுவ போலிருக்கே” என்று நாத்தனார் குத்தியபோது, “கல்லு கரைஞ்சாச் சரி, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்” என்று சிரித்தவர்.

முந்தின நாள் மாலை அவர் சிரிக்கவில்லை.

“சார், கொஞ்ச நாளா சுடுதண்ணிப் பாத்திரத்துல மறுபடியும் வெள்ளையாப் படியுதுங்க. அவருக்கும் இடுப்பு வலி வந்துட்டு.”

“கோயில்ல கேட்டீங்களா?”

“எப்படிங்க கேக்குறது? சும்மா குடுக்குறாங்க. நாங்க வேற சாமி கும்புடுறவங்க. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறாளேன்னு சொல்ல மாட்டாங்க?”

காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபோது எனக்குள் தலைப்பே தயாராகிவிட்டது. மெஷின் பழுது, மோட்டார் ஊருக்குக் காட்ட, போட்டோ வெளிநாட்டுக்கு. இல்லையென்றால், யாரோ முந்திரிக் கொல்லைக்குக் குழாய் இழுத்திருக்கிறார்கள்.

சாவியோடு உபதேசியார் வந்தார். கோயில் காரியங்களில் ஃபாதருக்குக் கை உதவி அவர்தான்.

“மெஷின் ஓடுதாங்க?” என்றேன்.

“சத்தம் கேக்கலியா சார்? பேப்பர்காரங்க காதுல நல்லது மட்டும் விழாது போல.”

வரிசை சிரித்தது.

“அப்ப கழிவுத் தண்ணி எங்க போவுது?”

அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கொட்டகையைத் திறந்தார். கழிவு வெளியேறும் குழாயில் புதிதாக ஒரு நீல ஹோஸ் மாட்டியிருந்தது. அதன் மறுமுனை குடிதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியிருந்தது.

“பாதித் தண்ணி சாக்கடைக்குப் போச்சுங்க. தர்மத்துக்கு வந்த தண்ணி, கோயில்லயே கொட்டுனாப் பாவமில்லையா? தவக்காலம் ஆரம்பிச்ச அன்னிக்கு நானே மாட்டிட்டேன். இப்ப ஒரு சொட்டு வீணில்ல.”

“அதான் தொட்டி சீக்கிரம் ரொம்புது” என்றாள் வரிசையில் ஒருத்தி, மெச்சுதலாக.

பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த ஹோஸ் வழியாக நல்ல தண்ணீரில் திரும்பக் கலக்கிறது, தொட்டியில் இருப்பது பழைய போர்த் தண்ணீர்தான் என்றேன். உபதேசியார் ஹோஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் சந்தேகிக்கிறேன்.

“ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்காரு. சனிக்கிழமை வந்துடுவாரு. அவரு சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்.”

“மாட்டும்போது கேட்டீங்களா?”

“மாட்டுனது புண்ணிய காரியம் சார். கழட்டுறதுக்குத்தான் உத்தரவு வேணும்.”

பக்கத்து வீட்டுப் பெண் வரிசையில்தான் நின்றிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, குழாயடியில் வைத்த குடத்தைக் கவிழ்த்து எடுத்தார்.

“என்னடி, மாதா தண்ணி கசக்குதா?” என்றாள் பின்னால் நின்றவள். அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

திரும்பும்போது ஃபாதர் தங்கும் வீட்டைக் கடந்தேன். வாசல்படியில் கடையில் வாங்கிய வாட்டர் கேன்கள், காலியாக. கோயில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, இவை ஏன் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. உபதேசியாருடையது பக்தி என்று எழுதி முடித்துவிட அந்தக் கேன்கள் என்னை விடவில்லை.

சனிக்கிழமை ஃபாதர் வந்தார். ஹோஸைக் கழற்றச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரை வெள்ளிக்கிழமை மாலையே பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.