செலோப்பியாத்தின் ஆறாவது மகள்

திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பொறுப்பு ஹில்டாவுக்கு. ஒரு போல்ட் இடம் மாறியிருந்தாலும் மதியச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரையே சர்ச் பதிவேட்டில் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

அப்பா சுந்தர்சிங் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அஸ்தினாபுரம் வீட்டில் அம்மாவும், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ஹில்டாவும்தான். புது வருடப் பட்டியலில் அவர்கள் குடும்பத்தையே காணோம். மகன் இல்லாத வீடென்று இருவரையும் பம்மலில் இருக்கும் தங்கை கணவர் ஃபிரெடியின் பெயருக்குக் கீழே சேர்த்திருந்தார் சர்ச் செயலர் எட்மண்ட்.

ஃபிரெடிக்கே இது புதுச் செய்தி. "ஐயோ அக்கா, என் பேச்சை என் வீட்லயே யாரும் கேக்கறதில்ல. உங்களுக்கு வேற நான் தலைவரா?" என்று போனில் பதறினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹில்டா எட்மண்டைப் பிடித்தார்.

"குடும்பத் தலைவர்னா ஆம்பளைதான்னு ரூல், சிஸ்டர். நான் என்ன பண்றது?"

"பைபிள்ல செலோப்பியாத்துன்னு ஒருத்தருக்கு அஞ்சும் பொண்ணுங்க, சார். பையன் இல்லைங்கறதுக்காக எங்கப்பா பேரு ஏன் அழியணும்னு மோசே முன்னாடியே போய் நின்னாங்க. அவருகிட்ட அதுக்கு ரூல் இல்ல. ஆண்டவரைக் கேட்டாரு. பொண்ணுங்க சொல்றதுதான் சரின்னு பதில் வந்துது."

"சரி, நானும் கமிட்டில கேக்கறேன்."

"மோசே கமிட்டிக்கெல்லாம் போகல, சார்."

எட்மண்ட் போனார். கமிட்டி மூன்று முறை தள்ளிப்போட்டது. கடைசியில் வருடாந்திரக் கூட்டத்தில் ஹில்டாவே எழுந்தார். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அவங்க பேரெல்லாம் இன்னிக்கும் வேதத்துல இருக்கு. எங்கப்பா போனப்புறம் அவரு பேரு நம்ம புத்தகத்துல ரெண்டு மாசம்கூட நிக்கல."

பின்வரிசையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. முதலில் கை தூக்கியவர் ஃபிரெடி, வாழ்க்கையில் முதல்முறையாக மனைவியைக் கேட்காமல். பிறகு கைகள் எழுந்துகொண்டே போயின. விதி மாறியது. அடுத்த வாரமே, மகன்கள் பெயருக்குக் கீழே கிடந்த ஏழு விதவைகள் எட்மண்டின் மேசை முன் வரிசை கட்டினார்கள்.

திருத்திய பட்டியல் வந்தது: 'ஹில்டா சுந்தர்சிங், குடும்பத் தலைவி.' கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினார். அம்மா கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார்.

"ஏண்டி, நான் உயிரோடதானே இருக்கேன்? செலோப்பியாத் பொண்டாட்டியப் பத்தி வேதத்துல ஒண்ணும் போடலையா?"

மறு ஞாயிறு ஹில்டா பட்டியலோடு எட்மண்டைத் தேடினார். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக அப்போதே கிளம்பியிருந்தார்.