மீசையை அழித்த கட்டம்

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனதிலேயே சில வருடங்கள் ஓடிவிட்டன. எட்டாவது வரை படித்தவள் நான். பிழை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பயம் அது இல்லை என்பது அம்மனுக்கும் எனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். கடைப் பஞ்சுதான். எங்கள் செந்துறைப் பக்கத்துக் காட்டில் எடுக்கிற பஞ்சில் வெயிலும் விதையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரலில் உருட்டும்போது, இதே மாதிரி உருட்டி ஒரு மனிதர் மூக்கில் நான் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. பயந்துவிடாதீர்கள், உயிரோடு இருந்தவர்தான். சினிமாவுக்காக வைத்தது.

என் மகன் அப்போது பெரம்பலூரில் படம் எடுக்கிற படிப்பு படித்துக்கொண்டிருந்தான். கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். கேமரா வருவதற்கு முன்பே முழுப் படத்தையும் தாளில் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டான். ஸ்டோரிபோர்டு என்று பெயர். ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட். யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது, எல்லாம் அதிலேயே இருக்கும். வேறு சுவர் இல்லாமல் சாமி படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்தான். நானும் காலையில் அதற்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டினேன். பிள்ளை பாஸாக வேண்டுமே.

ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். எல்லாருக்கும் குச்சிக் கை, குச்சிக் கால்.

"ஏன்டா, மூணு வருசம் படிச்சு இதானா வரைய வந்துச்சு?"

"இது டிராயிங் பரிச்ச இல்லம்மா. ஆளு நிக்கிற எடம் தெரிஞ்சா போதும்."

முகமெல்லாம் வெறும் வட்டம். ஒரு கட்டத்தில் மட்டும், பெஞ்சில் கிடத்திய உருவத்துக்கு மீசை இருந்தது. தெற்கே தலை, நெற்றியில் காசு. மீசை என் வீட்டுக்காரருடையது.

"அப்பாதாம்மா பொணம். ஒத்துக்கிட்டாரு."

அவர் பெஞ்சில் படுத்து ஒத்திகையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்திரிங்க மொதல்ல" என்று நான் சொன்ன குரலுக்கு உடனே எழுந்துவிட்டார். என் தாலிக்கே எதிரான ஒரு கட்டத்துக்கு நானே தினமும் ஊதுபத்தி காட்டியிருக்கிறேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன் மோட்டார் ரூம் சாவி கேட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"நான் படுக்கறேன் தம்பி. ஒன் அத்த திருமானூரு போயிருக்கா. அவ இல்லாதப்பதான் தைரியமா சாவ முடியும்."

மகன் என் முகத்தைப் பார்த்தான். அண்ணி கழுத்தில் இருந்ததும் தாலிதான். "அண்ணனுக்கு நல்லா வரும்" என்றேன். மகன் ரப்பரால் மீசையை அழித்துவிட்டு, அண்ணனுடைய வழுக்கைக்கு ஏற்றபடி காதோரம் மட்டும் நாலு முடி வைத்தான். அவன் அழிக்க அழிக்க எனக்குப் படபடப்பு அடங்கியது.

மறுநாள் பஞ்சை நான்தான் வைத்தேன். "கூசுது தங்கச்சி. தும்மிட்டா பொணம் பொழச்சுக்கும்" என்றார் அண்ணன். எடுத்து முடித்ததும் மகனுடைய சிநேகிதன் ஒருவன், "செத்த மாதிரி நடிச்சவங்கள சிரிக்க வச்சு ஒரு ஷாட் எடுக்கணும்டா. சினிமாவுல அப்படித்தான் தோஷம் கழிப்பாங்க" என்றான்.

"போர்டுல அந்தக் கட்டம் இல்ல. வெளிச்சம் போவுது, அடுத்தத எடு" என்றான் என் மகன்.

எனக்குக் காதில் விழுந்தது. படுத்தது என் வீட்டுக்காரராயிருந்தால் கேமராவை மறித்து நின்றாவது அதை எடுக்க வைத்திருப்பேன். டீ போட உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் பருத்திக் காட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை, படத்தில் படுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார் என் வீட்டுக்காரர். மீசையைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அண்ணி வந்து அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. போனில் போட்டுக் கொடுத்தேன். பெஞ்சுக் காட்சி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இங்க பாரேன், மூச்ச அடக்கத் தெரியல இந்த மனுசனுக்கு. வயிறு ஏறி எறங்குது" என்றார் அண்ணி. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டச் சொன்னார். "ஊருல எத்தன பேரு இருந்தும் தம்பி இவரத்தான தேடிப் புடிச்சு நடிக்க வச்சுது. அதனால இதாவது எனக்குக் கெடச்சுது. நீங்கள்லாம் நல்லாருக்கணும்."

மீசையை அழித்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். போனை வாங்கி மறுபடியும் அதே இடத்தை ஓட்டினேன்.

இப்போது அண்ணி திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பருத்திக் காட்டில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். மகன் கட்டங்களைக் கம்ப்யூட்டரிலேயே வரைகிறான்; எங்கள் சுவரில் எதுவும் ஒட்டுவதில்லை.

இதைப் படித்தவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். விதி என்று எனக்காகச் சமாதானம் சேர்க்க வேண்டாம். அண்ணி என்னை மன்னித்துவிட்டார் என்றும் முடிக்க வேண்டாம். மன்னிக்க ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.