மூன்று தட்டு

இலத்தூர் ஏசுதாசன் முப்பது வருஷம் மைசூர்ச் சீமையில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கம் எடுத்த கையில் ஒரு மோதிரம்கூடக் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், இருமலும், ஊரில் யாருக்கும் புரியாத சுரங்கப் பேச்சும்தான்.

கிணற்றை ஷாப்ட் என்பார்; சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியின் பேர் அது. வாளியை கேஜ் என்பார்; அந்தக் குழியில் ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டின் பேர். கிறிஸ்துமஸ் வெடி ஒன்று புஸ்ஸென்று அடங்கிப்போனால், "மிஸ்ஃபயர்! அரை மணி நேரம் ஒருத்தனும் கிட்டப் போகப்படாது" என்று கையை விரித்து வழியை மறிப்பார். வெடிக்காத வெடியைத் தொட்டவனைச் சுரங்கத்தில் அள்ளித்தான் எடுத்திருக்கிறார்கள். அது இலத்தூருக்கு எப்படித் தெரியும்? சிரித்தது. டீக்கடை ஆறுமுகநயினார், "ஷாப்ட்டு அண்ணாச்சி வருதாரு, வழி விடுங்கலே" என்பார். ஏசுதாசனும் சிரித்து வைப்பார்.

மனைவி தங்கபுஷ்பம் இருந்தவரை கவலையில்லை. அவளும் சுரங்கத்து லைன் வீட்டில் குப்பை கொட்டியவள்தானே. சோறு தாமதமானால், "கேஜ் இன்னும் மேல வரல, சும்மா இருங்க" என்பாள். அறுபத்திரண்டில் அவள் போனாள். அப்புறம் பேச்சுத் துணை இல்லை என்று சொன்னால் சரியாகாது. ஊர் அவரோடு பேசத்தான் செய்தது. அவர் பேச்சுக்குத்தான் ஆளில்லை. ஒரே ஒரு ஆளிடம், ஒரு நாளாவது, விளக்கம் சொல்லாமல் பேசிவிட மாட்டோமா என்று தவித்தார்.

அதற்காகவே சாரல் காலம் முழுக்க ஐந்தருவிக்கு பஸ் ஏறினார். நாலு சீமை ஜனமும் வருகிற இடம், நம்ம ஆள் ஒருத்தன் வராமலா போவான்? மூன்று வருஷம் ஒருத்தனும் வரவில்லை.

அறுபத்தைந்து ஆடியில் வந்தார் ஒருவர். எண்ணெய் வழிய நின்ற அந்தப் பெரியவர், தண்ணீருக்குள் போகுமுன் அண்ணாந்து பார்த்தார். பாறையில் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு வலது கை முட்டியால் தட்டினார். இளவட்டங்கள் சிரித்தார்கள். ஏசுதாசனுக்குப் புல்லரித்தது. பாறை கெட்டியா, பெயர்ந்து விழுமா என்று தட்டிப் பார்க்காமல் சுரங்கத்துக்காரன் எவனும் அதனடியில் நிற்கமாட்டான்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எந்த ஷாப்ட்டு? எத்தனாவது லெவல்ல இருந்தீக?"

பெரியவர் வெறுமனே சிரித்தார். துணி வைத்திருந்த அவர் மனைவி குறுக்கே வந்தாள். "அவருக்குக் காது கேக்காதுங்க. பாறையில ஓட்டை போடுற மெஷினைப் பிடிச்சுப் பிடிச்சு ரெண்டும் அடைச்சுப்போச்சு."

ஏசுதாசனுக்கு நெஞ்சு விட்டுப்போனது. இத்தனை நாள் காத்துக் கிடந்து, இப்படியா? அருவியோர இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் கையும் அதே கம்பியில்தான் இருந்தது.

என்ன தோன்றியதோ, ஏசுதாசன் ஒரு கல்லை எடுத்துக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினார். சுரங்கத்தில் கேஜ் ஏறுமுன் அடிக்கிற மணி அது: ஆள் ஏறலாமா?

அதிர்வு கைக்கு எட்டியதும் பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். ஏசுதாசனை உற்றுப் பார்த்தார். கல்லை வாங்கி, அவரும் மூன்று தட்டினார். ஏறலாம்.

இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அருவிக்குள் போனார்கள். தண்ணீர் தலையில் கொட்டியவரைக்கும் ஏசுதாசன் அழுதார். அருவியில் யாருக்குத் தெரியப்போகிறது.

இலத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், பேரும் ஊரும் கேட்கவில்லையே என்று உறைத்தது. முன்சீட்டுக் கம்பியில் மெதுவாக மூன்று தட்டினார்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இறங்கணுமா?"

"இல்லப்பா, சும்மாத்தான்" என்றார் ஏசுதாசன்.